கண்ணாடி கற்பித்த பாடம்

ஜொகூர் பாருவில் தெப்ராவ் சாலைக்கு அருகே அருள்மிகு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில் அமைந்துள்ளது. 1922ஆம் ஆண்டில் எளிய குடிலாகத் தோன்றிய இவ்வாலயம், 2009ஆம் ஆண்டில் இன்றைய கண்ணாடிக் கோலத்தைப் பெற்றது. சுவரிலும் தூணிலும் விதானத்திலும் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை, ஊதா, வெண்மை எனப் பல நிறங்களில் ஏறத்தாழ 3,00,000 கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டுள்ளன. பாங்காக் நகரில் ஓர் ஆலயத்தின் கண்ணாடி வேலைப்பாடு ஒளிர்ந்ததைக் கண்டதே இதற்குத் தூண்டுகோல் என்பர்.

சில ஆண்டுகளுக்கு முன் நான்காம் ஆண்டு மாணவரை அங்கு அழைத்துச் சென்றேன். ஆசிரியப் பயிற்சிக் காலந்தொட்டுக் கரும்பலகையில் அம்புக்குறியிட்டு நான் விளக்கிவந்த ஒளிப் பிரதிபலிப்பைக் கண்முன் காட்டுவதே என் நோக்கம். அம்மாணவருள் ஒருவன் எழுத்துக் கூட்டிப் படிக்கவே இடர்ப்படுபவன். 'இவனுக்கு என்ன விளங்கப் போகின்றது?' என்றெண்ணி அவன் பெயரைப் பட்டியலினின்று நீக்கியிருந்தேன். வகுப்பாசிரியை வற்புறுத்தியதால் மீண்டும் சேர்த்தேன்.

ஏனையோர் விதானத்தை நோக்கி வியந்து நின்றனர். அவனோ ஒரு வளைவின் கீழ் நின்று, இடப்புறம் ஓரடியும் வலப்புறம் ஓரடியுமாக நகர்ந்து கொண்டிருந்தான்.

"ஐயா, ஏன் இவ்வளவு சின்னச் சின்னதா வெட்டியிருக்காங்க, தெரியுமா?" என்றான்.

"அழகுக்காகத்தான்" என்றேன்.

தலையசைத்து மறுத்தான். "பெரிய கண்ணாடி இந்த வளைவுல ஒட்டாது ஐயா. சின்னதுதான் ஒட்டும். ஒவ்வொண்ணும் கொஞ்சம் வேற பக்கம் பார்க்குது. அதான் நடக்க நடக்க மின்னுது."

அவன் தந்தையார் வீடுகளுக்குச் சன்னல் கண்ணாடி பொருத்துபவர் என்பதும், விடுமுறை நாள்களில் இவனும் உடன் செல்வான் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிய வந்தன.

படுகோணமும் மீள்கோணமும் சமம் என்னும் விதியை முப்பது ஆண்டுகளாக ஓதியவன் நான். ஒரு திசையிலிருந்து வரும் ஒளியைப் பெருங்கண்ணாடி ஒரே திசையில் திருப்புகின்றது; சாய்வு மாறிய சிறு துண்டுகளோ பல திசைகளுக்கும் பகிர்ந்தளிக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த லாகூர்க் கோட்டைக் கண்ணாடி மாளிகையில் சிறு சுடரும் சுவரெங்கும் பெருகித் தோன்றுவது இதனால்தான். இவற்றையெல்லாம் நூலில் படித்திருந்தேன். கண்ணால் கண்டறிந்தவன் அச்சிறுவனே.

பள்ளிக்குத் திரும்பியதும், அவன் பெயருக்கு எதிரே 'மந்தம்' என்று எழுதியிருந்த குறிப்பை அழித்தேன். மறுநாள் முதல் மாலைதோறும் அரைமணி நேரம் அவனை என்னருகே அமர்த்திக் கொண்டேன். கண்ணாடியை அறுக்கும் முறையை அவன் சொல்ல, நான் எழுதினேன். தன் சொற்களாகிய அவ்வெழுத்துகளையே அவன் மெல்ல மெல்லப் படிக்கலானான். ஆண்டிறுதியில் ஒரு பக்கத்தைத் தடையின்றிப் படித்து முடித்து, என் முகத்தை ஏறிட்டு நோக்கினான்.

மகிழ்ந்தேன். எனினும், இத்தனை ஆண்டுகளில் நான் பட்டியலினின்று நீக்கிய பெயர்கள் எத்தனை என்னும் கணக்கு மட்டும் என்னிடம் இல்லை.