சிந்தாத எண்ணெய்

பூவிருந்தவல்லியைக் கடந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே செல்வோர் அடுத்துக் காணும் ஊர் நசரத்பேட்டை. அங்கே கடல் இல்லை, உப்புக்காற்றும் இல்லை. சாலையோரப் பட்டறைகளில் பிரித்துப் போடப்பட்டிருப்பவை சரக்குந்துகளும் இருசக்கர வண்டிகளுமே. அத்தகைய ஊரில் படகு இயந்திரத்துக்கு என்ன வேலை என்று 2015ஆம் ஆண்டுக்கு முன்னர் எவரேனும் கேட்டிருந்தால், அது நியாயமான கேள்வியாகவே இருந்திருக்கும்.

அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள், ஊருக்குத் தெற்கே பரந்து கிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து, அரசுக் கணக்கின்படி, வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் வெளியேற்றப்பட்டது. அடையாறு கரையை மீறியது. முடிச்சூர், வரதராசபுரம் போன்ற புறநகர்ப் பகுதிகளில், முன்னாள்வரை பேருந்து ஓடிய தெருக்களில் படகுகள் ஓடின. கடற்கரைக் குப்பங்களின் மீனவர்கள் தம் படகுகளைச் சரக்குந்துகளில் ஏற்றிக்கொண்டு வந்தனர். தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் காற்றடைத்த ரப்பர் படகுகளுடன் இறங்கினர். மாடியில் நின்றோரின் கண்கள் படகைத் தேடுமுன் அவர்களின் காதுகள் இயந்திரத்தின் ஒலியைத் தேடின.

அவ்வொலிக்கு உரியது வெளிப்பொருத்தும் இயந்திரம். படகின் உடலுக்குள் நிலையாக அமையாமல், பின்பலகையில் கவ்விப் பிடித்து, நீண்ட காலொன்றை நீருக்குள் இறக்கி, அதன் முனையிலுள்ள விசிறியால் படகை உந்துவதால் அப்பெயர். அமெரிக்காவில் வாழ்ந்த ஓலே எவின்ரூட் என்னும் நார்வேக்காரர் 1909இல் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கொதிக்கும் வெயிலில் ஏரியின் மறுகரைக்குத் துடுப்புப் போட்டுச் சென்று பனிக்கூழ் வாங்கி வந்தபோது, அது பாதி வழியிலேயே உருகிப்போனதுதான் அவரைத் தூண்டியது என்று ஒரு கதை உண்டு.

கடலோடியின் இயந்திரம் நாள்தோறும் ஓடுகிறது. மீட்புக்கென உள்நாட்டில் வைத்திருக்கும் இயந்திரமோ ஆண்டின் பெரும்பகுதி உறைக்குள் கிடக்கிறது. ஓடாத இயந்திரம் கெடாது என்று நினைப்பவர் பலர். உண்மை வேறு. எரிபொருள் எரியும்போது நீராவியும் அமிலப் பொருள்களும் உண்டாகின்றன. அவற்றில் ஒரு பகுதி மசகு எண்ணெயில் சேர்கிறது. கறுத்துப்போன அந்த எண்ணெயோடு இயந்திரத்தை மாதக்கணக்கில் மூடி வைத்தால், ஈரமும் அமிலமும் உள்ளுறுப்புகளை மெல்ல அரிக்கும். ஆகவே எண்ணெயை அடுத்த பருவம் தொடங்கும்போது மாற்றுவதைவிட, இயந்திரத்தை உறையிடுமுன் மாற்றுவதே முறை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் சனவரியில் செய்யவேண்டிய வேலையை அக்டோபருக்குத் தள்ளிப்போடுவது சோம்பல் மட்டுமன்று. முதல் இழுப்பில் உயிர்பெற வேண்டிய இயந்திரத்தை நோயோடு உறங்க வைப்பதாகும்.

மாற்றுவது ஒன்று, சிந்தாமல் மாற்றுவது மற்றொன்று. சிந்துவதால் தரை அழுக்காகும் என்பதோடு செய்தி முடிவதில்லை. பெஞ்சமின் பிராங்க்ளின் இலண்டனை அடுத்த கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டிக்கு மிகாத எண்ணெயை ஊற்றிப் பார்த்தார். அது ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்பில் விரிந்து சிற்றலைகளை அடக்கியதை 1774இல் வெளியிட்டார். கணக்கிட்டால் அப்படலத்தின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் நான்கு இலட்சத்தில் ஒரு பங்கு அளவே வரும். இயந்திர எண்ணெய் அத்துணைச் சீராகப் பரவாவிடினும், மழைக்காலத் தெருவில் தேங்கிய நீரில் வானவில் நிறம் காட்டும் படலத்தைக் காணாதவர் இரார். நசரத்பேட்டைக்கு வடக்கே கூவம். தெற்கே செம்பரம்பாக்கமும் அடையாறும். இடைப்பட்ட நிலத்தில் விழும் மழைநீர் எவ்வழியிலேனும் இவற்றுள் ஒன்றைச் சேர்ந்தே கடலுக்குப் போகிறது. பட்டறை வாசலில் சிந்தியதும் அதனோடு போகிறது.

சரி, வேலைக்கு வருவோம். இயந்திரத்தைத் தாங்கியில் நிமிர்த்தி மாட்டி, அதன் காலை நீர் நிரம்பிய பீப்பாயில் இறக்கி ஐந்து நிமிடம் ஓட்ட வேண்டும். நீரின்றி ஓட்டினால் குளிர்நீரை ஏற்றும் சிறு எக்கியின் ரப்பர் சிறகுகள் விரைவில் தேய்ந்து கருகும். சூடேறிய எண்ணெய் இளகி, அடியில் படிந்த கசடையும் வாரிக்கொண்டு வரும். பின்பு நிறுத்தி, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட வேண்டும்.

தொல்லை தருவது வடிகால் திருகு இருக்கும் இடம். மகிழுந்தில் அது அடியில், நேராகக் கீழ்நோக்கி இருக்கும். வெளிப்பொருத்தும் இயந்திரங்கள் பலவற்றில் அது பக்கவாட்டில் இருக்கிறது. திறந்தவுடன் எண்ணெய் பாத்திரத்தில் விழாமல் இயந்திரத்தின் கால்வழியே வழிந்தோடும். பழைய பிளாஸ்டிக் புட்டியை நீளவாக்கில் வெட்டி, திருகின் கீழ் ஒட்டிப் பிடித்தால் அதுவே தூம்பாகிவிடும். மேலேயுள்ள எண்ணெய் மூடியை அப்போது திறக்கக் கூடாது. ஒரே துளையிட்ட தகர டின்னிலிருந்து எண்ணெய் தயங்கித் தயங்கி வருவதைப் போல, காற்றுப் புக வழியில்லாத இயந்திரத்திலிருந்தும் அது மெல்லவே வரும். திருகை உள்நோக்கி அழுத்தியபடியே கடைசி மரை வரை சுழற்றிச் சட்டென விலக்கினால் விரலில் கறைபடாது. ஒழுக்கு சீரான பின் மேல்மூடியைத் திறந்துவிடலாம். வடிகட்டியைக் கருவியால் கால் சுற்று இளக்கி, அதன்மேல் நெகிழிப் பையைக் கவிழ்த்துக் கையால் கழற்றினால், சிந்தக்கூடியது முழுவதும் பைக்குள்ளேயே தங்கும். படகு நீரில் மிதக்கும்போது இத்திருகைத் தொடவே கூடாது. அளவுக்குச்சி நுழையும் துளைவழியே கைப்பம்பின் மெல்லிய குழாயை இறக்கி உறிஞ்சி எடுப்பதுதான் அங்கே ஏற்றது.

திருகின் வாஷரைப் புதிதாக மாற்றி, கையேடு கூறும் வகையிலான எண்ணெயைக் கையேடு கூறும் அளவுக்கு ஊற்றினால் இப்பகுதி முடிந்தது. அளவுக்கு மேல் ஊற்றுவதும் குறைவாக ஊற்றுவதைப் போன்றே தீங்கானது.

நீருக்குள் நிற்கும் பற்சக்கரப் பெட்டியே இவ்வேலையில் அறிவுக்கு விருந்து. அதற்கு மேலொன்றும் கீழொன்றுமாக இரு திருகுகள். வடிக்கும்போது கீழ்த்திருகை முதலில் திறந்து, பின் மேல்திருகைத் திறக்க வேண்டும். நிரப்புவது கீழிருந்து மேல்நோக்கி. மேலிருந்து ஊற்றினால் காற்றுக்குமிழ் உள்ளே சிக்கிக்கொள்ளும். மேல்துளையில் எண்ணெய் எட்டிப்பார்த்ததும் முதலில் மேல்திருகை மூடிவிட்டு, அதன் பிறகே கீழ்க்குழாயை எடுக்க வேண்டும். உறிஞ்சுகுழலின் மேல்வாயை விரலால் அடைத்தால் உள்ளே நிற்கும் இளநீர் விழுவதில்லை அல்லவா? அதே காற்றழுத்தம், கீழ்த்திருகை மாட்டும் வரை எண்ணெயையும் தாங்கி நிற்கும்.

வடிந்த எண்ணெயைப் பார்க்காமல் மூடிவிடக் கூடாது. அது பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் பெட்டிக்குள் நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். நீர்தடுப்பு வளையத்தைச் சீர்செய்யாமல் அவ்வியந்திரத்தை உறையிட்டால், வெள்ளம் வரும் நாளில் அதனை நம்பி எவரையும் படகில் ஏற்ற முடியாது.

எஞ்சியிருப்பது பாத்திரத்திலுள்ள கரிய எண்ணெய். 2016ஆம் ஆண்டின் கழிவு மேலாண்மை விதிகள் பயன்படுத்திய எண்ணெயை அபாயகரமான கழிவாகக் கொள்கின்றன. அதனைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு 2024 ஏப்ரல் முதல் எண்ணெய் உற்பத்தியாளர்க்கும் உண்டு. நடைமுறையில் அது கட்டடப் பணியின் சென்ட்ரிங் பலகைகளில் பூசப்படுகிறது. கரையானுக்கு அஞ்சி மரத்தில் தடவப்படுகிறது. சிக்கனம் என்று இதனைச் சொல்வோர், அடுத்த மழையில் அப்பலகை கழுவப்படுவதைக் கணக்கில் கொள்வதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தபோது, மீனவர்கள் அதனை வாளிகளாலும் குவளைகளாலும் அள்ள நேர்ந்தது. அவர்களின் படகுகளில் கரும்பூச்சு ஏறியிருந்தது, வலைகள் பாழாயின. எட்டாண்டுகளுக்கு முன் சென்னையின் தெருக்களில் மனிதரை ஏற்றிச் சென்றவை மீனவர்களின் படகுகளே.

புதிய எண்ணெய் வந்த புட்டியிலேயே பழையதை ஊற்றி, இறுக மூடி, மேலே 'பழைய எண்ணெய்' என்று எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும். அதில் பெட்ரோலோ தண்ணீரோ கலந்துவிட்டால் மறுசுழற்சிக்கு எடுப்பது கடினம். துடைத்த பனியன் வேஸ்ட்டையும் குப்பைத்தொட்டியில் போடாமல் தனிப் பையில் கட்டி, அந்தப் புட்டியோடு அனுப்புவர் பழகிய கையினர்.