கைகோத்து நின்றவர் கணக்கு

கபடி பார்க்கக் கூடும் கூட்டத்தின் கண்கள் எங்கே நிற்கின்றன என்று நீங்கள் என்றாவது கவனித்ததுண்டா? பாடிச் செல்பவனின் கால்களில் நிற்கும். அவன் பிடிபட்டுவிட்டால், முதலில் பாய்ந்து அவன் காலைப் பற்றியவன் மேல் நிற்கும். அந்தப் பிடி நழுவாதபடி அதே நொடியில் குறுக்கே வந்து, எதிரியைக் கோட்டுக்குப் போகவிடாமல் மார்பால் அடைத்தவன் ஒருவன் இருப்பானே, அவனை எவரும் பார்ப்பதில்லை. புழுதியைத் தட்டிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பிவிடுவான்.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். பொங்கல் வந்துவிட்டால் ஊருக்கு ஊர் மின்னொளிக் கபடிதான். 'கணக்குப் படிக்கிற பிள்ளை' என்பதற்காக என்னைப் புள்ளி எழுதும் மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள். முழு நெல்லையும் விட்டுவிட்டுப் பதரை எண்ணுகிற வேலை அது என்று எனக்குப் பல நாள் தோன்றியதுண்டு. காரணத்தைச் சொல்கிறேன்.

13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் உள்ள ஆடவர் ஆடுகளத்தில் பக்கத்துக்கு எழுவர். பாடிச் செல்பவனுக்கு 30 நொடி. அவனைப் பிடித்தால் அணிக்கு ஒரு புள்ளி. மூவரோ அதற்குக் குறைவானவர்களோ நின்று பிடித்தால் கூடுதலாக ஒன்று. இது அணியின் கணக்கு. ஆட்டக்காரர் பெயருக்கு நேராக எழுதும்போது பிடித்தவர் என்று ஒருவர் பெயரைத்தான் எழுதுகிறோம். நான்கு பேர் சேர்ந்து அமுக்கியிருந்தாலும் அப்படித்தான். சரி, பிடி நழுவி அவன் கோட்டைத் தொட்டுவிட்டால்? அவனைத் தொட்ட நால்வரும் வெளியே போக வேண்டும்! தோற்றால் துணைக்குப் போனவனுக்கும் தண்டனை. வென்றால் அவன் பெயருக்கு ஒன்றுமில்லை. கணிதம் படிக்கிற எவனுக்கும் இந்தக் கணக்கு உறுத்தாமல் இராது.

எனக்கு உறுத்தியதற்கு வேறொரு காரணமும் உண்டு. என் பெரியப்பா மகன் இடப்பக்கக் கவரில் ஆடுகிறவர். அவருக்கு அடுத்து நிற்கும் கார்னர்காரர் ஊரறிந்த பிடிகாரர். இருவரும் ஓர் அணியின் தேர்வுக்குச் சென்றார்கள். எந்த அணி என்பது இங்கே வேண்டாம். அங்கே கேட்ட முதல் கேள்வி, "போன சீசன்ல உன் பேர்ல எத்தனை பிடி?" என்பதுதான். அண்ணன் சொன்ன எண்ணைக் கேட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். கார்னர்காரருக்கு இடம் கிடைத்தது, எனக்கு மகிழ்ச்சியே. ஆனால், அவருடைய பிடிகளில் அண்ணனுடைய தோள் எத்தனையில் இருந்தது என்று சொல்ல எந்தத் தாளும் இல்லை. அண்ணன் இப்போது அறுவடை இயந்திரத்தோடு ஊர் ஊராகப் போகிறார். விளையாட்டு வழியாக ஒரு வேலை என்று பெரியம்மா வைத்திருந்த நம்பிக்கை அந்த ஒரு எண்ணில் நின்றுபோயிற்று.

பிடிப்பவர்களுக்குப் பெருமையே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. நம் தஞ்சை மாவட்டத்துத் திருச்சானம்பூண்டியில் பிறந்த தர்மராஜ் சேரலாதன் வலப்பக்கக் கார்னரில் நின்றே இந்திய அணிவரை சென்றவர். 2016ஆம் ஆண்டு உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்தார்; அதே ஆண்டு புரோ கபடியில் பாட்னா அணி அவர் தலைமையில் கோப்பையை வென்றது. 40 வயதைக் கடந்தவர் அப்போது! ஆனால் அவரும் கார்னர்தான். தமிழ் தலைவாஸ் 2022இல் முதன்முறையாக அரையிறுதி கண்டபோது, பாடிப் புள்ளி குவித்த நரேந்தரைத் தெரியாதவர் இல்லை. கார்னர்களில் நின்ற சாகரையும் சாகில் குலியாவையும் பலர் சொல்வார்கள். கவரில் நின்ற மோகித்தையும் அபிசேக்கையும் எத்தனை பேர் சொல்வார்கள்? உங்கள் விடுதி அறையிலேயே கேட்டுப் பாருங்கள்.

இந்த நோய் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கர்கள் தங்கள் கால்பந்து என்று ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். அதில் பந்தைக் காலால் உதைப்பது குறைவு. பந்தை எறிபவனுக்கு முன்னே ஐந்து பேர் மதில்போல நின்று எதிரிகளைத் தடுக்கிறார்கள். பந்து அவர்கள் கைக்கு வருவதே அபூர்வம். நடுவில் நிற்பவன் மட்டும் அதைப் பின்னால் தள்ளிவிட்டுத் தடுக்கப் போய்விடுவான். இவர்களை எப்படி மதிப்பிடுவது? ஆட்டம் முடிந்த பிறகு படத்தை ஓட்டிப் பார்த்து, ஒவ்வோர் ஆட்டத் துணுக்குக்கும் ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். புரோ ஃபுட்பால் ஃபோகஸ் என்னும் நிறுவனம் கழித்தல் இரண்டு முதல் கூட்டல் இரண்டு வரை இடுகிறதாம். படித்ததும் ஒரு குயர் நோட்டு வாங்கிவிட்டேன்.

என் முறை எளியது. ஒவ்வொரு பாட்டுக்கும் எழுவர் பெயருக்கு நேரே கூட்டல், கழித்தல், சுழி. பிடித்தவருக்கு மட்டுமல்ல, சரியான நேரத்தில் அடைத்தவருக்கும் கூட்டல். அவசரப்பட்டுப் பாய்ந்து பக்கத்திலிருப்பவரையும் இழுத்துக்கொண்டு விழுந்தவருக்குக் கழித்தல், இழுபட்டவருக்குச் சுழி. நண்பனின் கைபேசியில் எடுத்த படத்தை மறுநாள் மூன்று தடவையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரே இரவின் ஆட்டங்களுக்கு ஒரு வாரம் போய்விடுகிறது. தேர்வுக்குப் படிப்பது எப்போது என்று அம்மா கேட்பது நியாயம்தான்.

கடினமான இடம் வெற்றுப் பாட்டு. ஒருவன் இடப்பக்கம் வருகிறான். அண்ணன் அரையடி முன்னே வைக்கிறார். வந்தவன் திரும்பிப் போய்விடுகிறான். எவரும் எவரையும் தொடவில்லை. புரோ கபடியில் இரண்டு முறை இப்படி வெறுமையாகத் திரும்பினால் மூன்றாம் முறை புள்ளி எடுத்தே தீர வேண்டும்; அந்த நெருக்கடியில்தான் பிடி விழுகிறது. விளைந்த மூட்டையை எண்ணுகிறோம், வரப்பு கட்டியவனை எண்ணுவதில்லை என்பதுபோல, மூன்றாவது பாட்டில் பிடித்தவனுக்குப் புள்ளி. முதல் இரண்டைத் தடுத்த அரையடிக்கு ஒன்றுமில்லை. அதற்கு என்ன குறி போடுவது? வந்தவன் அண்ணனைக் கண்டு திரும்பினானா, மூச்சுப் போதாமல் திரும்பினானா? படம் சொல்லாது.

"அவன் ஏன் திரும்புனான்னு அவனைத்தான்டா கேக்கணும்" என்றார் அண்ணன், விளையாட்டாக.

நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தப் பொங்கலிலிருந்து ஆட்டம் முடிந்ததும் நோட்டோடு எதிரணியின் பாடுகாரர்களிடம் போய், இன்ன பாட்டில் ஏன் திரும்பினீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வருகிறேன். பாதிப் பேர் சிரிக்கிறார்கள். சிலர், "போடா தம்பி, மூச்சு வாங்குது" என்கிறார்கள். பூதலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒருவர் மட்டும் தண்ணீர்க் குடத்தருகே நின்று சற்று யோசித்தார். பிறகு என் நோட்டை எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"அந்த லெஃப்ட் கவர் உங்க ஊருதானா தம்பி? எங்க டீமுக்கு ஆட வருவாப்லயா?"