தங்கையிடம் கேட்ட கேள்வி

தளவானூரில், மகேந்திரவர்மன் குடைவித்த சத்ருமல்லேசுவரம் இருக்கும் குன்றையொட்டிய மண்பாதையில் என் தங்கை நாள்தோறும் விடியலில் ஓடுகிறாள். கையில் கடிகாரத்துடன் நான் சைக்கிளில் பின்னால் செல்வேன். எண்ணூறு மீட்டர்தான் அவளுடைய தூரம்.

அந்தப் பித்து அவளுக்குப் பிடித்தது 2019 ஏப்ரலில். அப்போது அவள் நான்காம் வகுப்பு. திருச்சிக்கு அருகே முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து, தோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 2 நிமிடம் 2.70 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். கிழிந்த காலணியோடு ஓடினாராம்! செய்தித்தாளில் வந்த அவர் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டினாள் தங்கை.

மறு ஆண்டே இடி விழுந்தது. நாண்ட்ரோலோன் என்னும் ஊக்கமருந்து அவர் உடலில் இருந்ததாகச் சொல்லி, பதக்கத்தைப் பறித்து, நான்கு ஆண்டுகள் தடை விதித்தார்கள். தோகாவுக்கு முந்திய மாதம் பட்டியாலாவில் எடுத்த மாதிரியிலேயே அம்மருந்து இருந்தது. முடிவு தெரிவதற்குள் அவர் தோகாவில் ஓடி முடித்திருந்தார். தாம் அதைத் தொட்டதே இல்லை என்றார் கோமதி.

படத்தைக் கிழித்துவிடு என்றேன். தங்கை மறுத்துவிட்டாள்.

அமெரிக்காவின் சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் கதை இதற்கு நேர்மாறு. 1999 முதல் 2005 வரை ஏழு முறை பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தை வென்றவர். 'எத்தனையோ சோதனை செய்தார்கள், சிக்கினேனா?' என்பதே அவர் வாதம். சந்தேகப்பட்டவர்கள் மீது வழக்குக்கூடப் போட்டார். 2012இல் உடன் ஓட்டியவர்களே சாட்சி சொல்ல, ஏழு பட்டங்களும் போயின. 2013இல் தொலைக்காட்சியில் வாய்விட்டு ஒப்புக்கொண்டார். சிக்கியவர் மறுக்கிறார், சிக்காதவர் ஒப்புக்கொள்கிறார். நண்பர்களே, சோதனையே நடக்காத எங்கள் வட்டார ஓட்டங்களுக்கு யார் சாட்சி?

சென்ற ஆண்டு வட்டாரப் போட்டியில் தங்கை முதலாவதாக வந்தாள். கோப்பையோடு திரும்பும் வழியில் டீக்கடைப் பெரியவர் ஒருவர், "ஏம்மா, ஊசி கீசி போட்டுக்கினியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அதோடு விட்டேனா? முந்திய வாரத்தைவிட ஐந்து வினாடி குறைவு. கணக்கு என் மனத்தை அரித்தது. இரவு அவள் கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது மெல்லக் கேட்டேன்: "பாப்பா, யாராவது மாத்திரை ஏதாவது குடுத்தாங்களா?"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, "நீதானே தெனமும் பின்னாடி வந்த?" என்றாள்.

மறுநாள் நான் எழுந்தபோது அவள் ஓடப் போய்விட்டிருந்தாள். கடிகாரத்தையும் எடுத்துச் சென்றிருந்தாள்.