சால்வையோடு முடிகிற வேலை அல்ல

2024 ஜூனில் மக்களவைத் தேர்தல் முடிவு வந்த சூட்டோடு நடந்த எங்கள் சங்கக் கூட்டத்தில் ஓர் இளம் இயக்குநர் எழுந்தார். "புது எம்.பி.ங்களை வீடு வீடாப் போய்ப் பார்க்கணுமாண்ணே? எல்லாரையும் டேக் பண்ணி ஒரு பதிவு போட்டா ட்ரெண்ட் ஆயிடும்." கைதட்டல் விழுந்தது. பொறுப்புகளை விட்டு விலகும் நேரத்தில் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரிடம் எழுத்தாளரின், இயக்குநரின் உரிமையைப் பேசுவதும் ஒரு தொழில். வசனம் எழுதப் பழகுவது போல இதையும் பழகித்தான் ஆகவேண்டும்.

முதலில் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிய வேண்டும். பதிப்புரிமை, அரசியல் சாசனத்தின் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. கோட்டையில் எவ்வளவு செல்வாக்கு இருந்தாலும் இதில் செல்லாது. டெல்லிக்குப் போகிறவர்களும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தில் மனுவைக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அங்கே பார்ப்பது தணிக்கையும் திருட்டுப் பிரதி ஒழிப்பும். பதிப்புரிமை 2016 முதல் வணிக அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. வரும் இளைஞர்களிடம் இதைச் சொன்னால், "சினிமா விஷயம், சினிமா மினிஸ்ட்ரிதானே சார்?" என்கிறார்கள்.

அடுத்தது நேரம். பதவியேற்ற புதிதில், நாடாளுமன்ற நிலைக்குழுக்கள் அமைவதற்கு முன்பே எம்.பி.யைப் பார்த்துவிட வேண்டும். ஒரு குழுவில் 31 பேர்; மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. மசோதாவின் தலையெழுத்து பெரும்பாலும் அந்த அறையில்தான் எழுதப்படுகிறது. வணிகக் குழுவுக்கு நம் ஊர்க்காரர் யாராவது போகிறாரா என்று கேட்டு வைத்துக்கொள்ளாதவர்கள் பிறகு ஜீரோ ஹவரில் ஒரு நிமிடம் பேச வைத்துவிட்டு வெற்றி என்கிறார்கள்.

எனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் ஒரு மூத்த வசனகர்த்தா. தன் பெயர் அச்சில் வருவதை விரும்பாதவர் என்பதால் பெரியவர் என்றே சொல்கிறேன். எம்.பி.யைப் பார்க்கப் போகும்போது அவர் கையில் சால்வை இருக்காது. ஒரே ஒரு தாள் இருக்கும். அரைப் பக்கத்துக்கு மேல் எழுதவிடமாட்டார். நான் முதன்முதலில் எழுதிக் கொடுத்த குறிப்பில் தமிழ் சினிமாவின் பெருமை இரண்டு பத்தி இருந்தது. 'வேலைக்காரி' எழுதிய அண்ணா, 'பராசக்தி' எழுதிய கலைஞர், முதல்வர்களைத் தந்த பேனா என்றெல்லாம். சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டார். "இது அவருக்குத் தெரியும்ப்பா. தெரியாததைச் சொல்லு."

தெரியாதது என்று அவர் சொன்னது ஒப்பந்தத்தை. பெயரை மறைத்த ஓர் அசல் ஒப்பந்தத்தின் நகலைத் தாளோடு இணைப்பார். அதில் ஒரே வரிக்குக் கீழே கோடு: உலகம் முழுவதும், நிரந்தரமாக, இன்று உள்ள, இனி வரப்போகும் எல்லா ஊடகங்களுக்கும். அதை எம்.பி. கையில் கொடுத்துவிட்டுப் பெரியவர் பேசமாட்டார். எம்.பி. வாசித்து முடிக்கும் வரை நாங்களும் வாய் திறக்கக் கூடாது. "இதுக்கு எவ்வளவு கொடுத்தாங்க?" என்று அவரே கேட்ட பிறகுதான் பேச்சு ஆரம்பிக்கும். பி.ஏ.விடம் இன்னொரு நகல் கொடுத்துவிட்டு, அவர் பெயரையும் குறித்துக்கொண்டுதான் பெரியவர் படியிறங்குவார். நாடாளுமன்றத்துக்குக் கேள்வி எழுதி அனுப்புகிறவர் பி.ஏ.தான், நோட்டீஸ் 15 நாள் முன்பே போயாக வேண்டும்.

எல்லா எம்.பி.யும், எந்தக் கட்சியானாலும், ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள்: "பணம் போட்டது தயாரிப்பாளர். அப்புறம் உங்களுக்கு என்ன உரிமை?" இத்தனை வருடமாக நான் மல்லுக்கட்டியது இந்தக் கேள்வியோடுதான். தயாரிப்பாளரைத் திட்டினால் வேலை கெட்டது. அவர் வட்டிக்கு வாங்கிப் படம் எடுப்பது எம்.பி.க்குத் தெரியும்; சில சமயம் தயாரிப்பாளர் அவருக்குச் சொந்தக்காரராகவும் இருப்பார். வழக்குகளைச் சொல்ல வேண்டும். சத்யஜித் ரே எழுதி இயக்கிய 'நாயக்' 1966-இல் வந்த படம். அதன் திரைக்கதை உரிமையைத் தயாரிப்பாளர் தரப்பு கேட்டபோது, அது எழுதிய ரேயுடையது என்று 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. நம் சென்னை உயர் நீதிமன்றமே 2017-இல் 'ஆரண்ய காண்டம்' வழக்கில், தயாரிப்பாளர் டப்பிங் செய்யலாம், எழுதியவர் எழுத்துமூலம் கொடுக்காமல் ரீமேக் செய்ய முடியாது என்றது. படம் அவருடையது, எழுத்து எங்களுடையது. இந்த இரண்டு வழக்குக்குப் பிறகு எம்.பி. நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் சும்மா வந்துவிடவில்லை. ஜாவேத் அக்தர் மாநிலங்களவைக்குள் இருந்தார், வெளியே பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் விடாமல் நின்றார்கள். அதனால்தான் தியேட்டரில் படத்தோடு காட்டுவது தவிர மற்ற பயன்பாடுகளுக்கு ராயல்டியில் சம பங்கு, அதை எழுதிக் கொடுத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்ற விதி வந்தது. ஒப்பந்தம் போட்டபோது இல்லாத ஊடகத்தை அதில் வெளிப்படையாகக் குறிப்பிடாவிட்டால் அந்த ஊடகத்துக்கு ஒப்பந்தம் செல்லாது என்ற விதியும் அப்போது வந்ததுதான். சட்டம் 'இலக்கியப் படைப்பு' என்கிறது, திரைக்கதையும் அதுதான். பாட்டுக்காரர்கள் சொசைட்டி வைத்து வசூலிக்கிறார்கள். வசனம் எழுதிய எனக்கு ஒரு ரூபாய் வந்ததில்லை.

இயக்குநர் நிலை இன்னும் மோசம். அந்தத் திருத்தத்துக்கான 2010 மசோதாவில் தயாரிப்பாளரோடு முதன்மை இயக்குநரையும் படத்தின் ஆசிரியராகச் சேர்த்திருந்தார்கள். நிலைக்குழு வேண்டாம் என்றது, அரசும் எடுத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் முதன்மை இயக்குநர் சட்டப்படியே ஆசிரியர். இங்கே இன்று வரை படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளர் மட்டுமே. குழு அறையில் போன விதியை யார் மீட்பது? ட்ரெண்டிங்கில் வந்த எந்தப் பதிவையும் ஒரு நிலைக்குழு அறிக்கையில் நான் வாசித்ததில்லை.

கோபம் எனக்கு இதில்தான். தேர்தல் முடிந்த வாரமே பூங்கொத்தோடு க்யூவில் நிற்கிறார்கள். என்ன கேட்டீர்கள் என்றால், வாழ்த்துச் சொன்னோம் என்கிறார்கள். யாரோ எழுதிய மனுவைப் பிரிவு எண்கூடச் சரிபார்க்காமல் வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுகிறார்கள். அதே கையால், செல்போனில் வந்த ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம் வரை தள்ளிக் கையெழுத்தும் போடுகிறார்கள்.

தம்பிகளே, பதிப்புரிமைச் சட்டத்தின் 18, 19 பிரிவுகளை நகல் எடுங்கள். கடைசியாகக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை அதன் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு சொந்த ஊருக்குப் போய் உங்கள் தொகுதி எம்.பி.யைப் பாருங்கள். கூட்டத்தொடர் இல்லாத நாட்களில் அவர் அங்கேதான் இருப்பார்.