திரையிடாத சாளரங்கள்

நெதர்லாந்தின் சிற்றூர் ஒன்றில் மாலை வேளையில் தெருவழியே நடக்கும் அயல்நாட்டவர், முதலில் வியப்பது வீடுகளின் சாளரங்களைக் கண்டுதான். அகன்ற கண்ணாடிகள் பலவற்றிற்குத் திரை இல்லை. உள்ளே ஒளிரும் விளக்கும், மேசையைச் சுற்றி அமர்ந்து உண்ணும் குடும்பமும் தெருவில் செல்வோர்க்கு நன்கு தெரியும். இத்துணை திறந்த மனத்தினரோ என்று மகிழும் அவர், மறுநாள் மாலை ஆறு மணியளவில் அண்டை வீட்டின் அழைப்புமணியை அழுத்தக்கூடும். "உணவருந்திக்கொண்டிருக்கிறோம், வேறொரு நாள் வர இயலுமா?" என்று புன்னகையோடு வினவிக் கதவைச் சாத்துவர். வாயிலுக்கு வந்தவரை உண்ண அழையாது அனுப்புவதா என்று அவர் உள்ளம் வாடும். சாளரம் திறந்திருக்கிறது, கதவோ மூடியிருக்கிறது. இம்முரணின் பொருளை அறிவதே அம்மக்களை அறிவதன் தொடக்கம்.

நீர் கற்பித்த பாடம்

அந்நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல்மட்டத்திற்குக் கீழே உள்ளது. ஏரிகளையும் சதுப்புகளையும் கரையிட்டு வளைத்து, காற்றாலைகளால் நீரை இறைத்து மக்கள் உருவாக்கிய இத்தகைய நிலத்திற்குப் 'போல்டர்' என்று பெயர். கரை உடைந்தால் செல்வர் வீடும் எளியோர் வீடும் ஒருங்கே மூழ்கும். எனவே 13ஆம் நூற்றாண்டிலேயே கரைகளையும் கால்வாய்களையும் காக்க நீர் வாரியங்கள் தோன்றின. தமக்கெனத் தேர்தலும் வரியும் கொண்டு அவை இன்றும் இயங்குகின்றன. 1953 பிப்ரவரி 1 அன்று வடகடல் பொங்கிக் கரைகளை உடைத்தபோது, அந்நாட்டில் 1836 பேர் உயிரிழந்தனர்.

நேர்படப் பேசுதல்

ஒரு நாட்டின் இயல்புக்கு ஒற்றைக் காரணம் கூறிவிட இயலாது. ஆயினும், கூடிப் பேசி முடிவெடுக்கும் அவர்தம் வழக்கத்தை நீரோடு நடத்திய போராட்டத்தோடு இணைத்துக் காண்போர் பலர். அலுவலகத்தில் இளம் பணியாளர், "இத்திட்டத்தில் பிழை உள்ளது" என்று மேலாளரிடமே கூறுவார். மேலாளர் அதனை அவமதிப்பாகக் கருதுவதில்லை. பிழையைச் சுட்டாது மறைப்பதே தீங்கு என்பது அங்குள்ள எண்ணம். 'இயல்பாக இரு, அதுவே போதுமான பித்து' என்பது அவர்களின் பழமொழி. தலைமை அமைச்சராக இருந்த மார்க் ருட்டே மிதிவண்டியில் அலுவலகம் சென்றதை அந்நாட்டினர் அருஞ்செயலாகக் கருதவில்லை.

நாட்காட்டியில் ஒரு பெயர்

மூடிய கதவின் பொருளும் மெல்ல விளங்கும். அங்கு நட்பு, நாள் குறித்துக்கொண்டு வருவது. குறித்த நேரத்தில் செல்பவர்க்கு அந்த நேரம் முழுவதும் உரியது. பிறந்தநாளன்று உறவினரும் நண்பரும் நாற்காலிகளை வட்டமாக இட்டு அமர்வர். பிறந்தநாள் காண்பவரை மட்டுமன்றி, அவர்தம் பெற்றோரையும் துணைவரையும் கைகுலுக்கி வாழ்த்துவர்.

இப்பிறந்தநாள்களை மறவாதிருக்க வீட்டில், பெரும்பாலும் கழிப்பறைச் சுவரில், ஒரு நாட்காட்டி தொங்கும். அதில் கிழமையும் இல்லை; ஆண்டும் இல்லை. எனவே ஒருமுறை எழுதிய பெயர் ஆண்டுதோறும் அங்கேயே இருக்கும். வாயிலில் ஒருநாள் மனம் வாடித் திரும்பிய அயலவர், பின்னொரு நாள் அதே வீட்டில் அந்நாட்காட்டியில் தம் பெயரைக் காணக்கூடும். கதவு திறந்துவிட்டதை அவர் அறிந்துகொள்ள வேறு சான்று வேண்டுவதில்லை.