காசிமேட்டில் தேர் ஓடுமா?

காசிமேடு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சாப்பாட்டுப் பிரியர் என்றால் வஞ்சிரம். சினிமாப் பைத்தியம் என்றால் லுங்கியை மடித்துக் கட்டிய ரௌடி. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போய், பேரம் பேசத் தெரியாமல் முழிப்பவர் என்றால்... சரி, விடுங்கள். அவர் பாவம்!

குழந்தை வண்டி என்று யாராவது சொல்வீர்களா? மாட்டீர்கள். ஆனால், 'குழந்தைக்கு என்ன வண்டி வாங்கலாம், எவ்வளவில் வாங்கலாம்' என்று ஆபீசில் ஃபைலுக்கு நடுவே மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும் புது அப்பாக்களுக்குக் காசிமேட்டைப் போல ஒரு வாத்தியார் கிடைக்க மாட்டார். பளபளவென்று டைல்ஸ் போட்ட ஷாப்பிங் மாலில் எந்த வண்டியும் ஓடும். காசிமேட்டில் ஓடினால்தான் அது வண்டி!

இந்த ஞானத்தைத் தந்தவர் என் ஆபீஸ் நண்பர். காசிமேட்டுக்காரர். மூன்றாவது மாடியில் வீடு, லிஃப்ட் கிடையாது. பையனுக்கு எட்டு மாசம். பட்ஜெட் மூவாயிரம் ரூபாய். "ஒரு பைசா மேல போனாலும் வீட்ல ரெண்டு பேருக்கும் பதில் சொல்லணும்" என்றார். ரெண்டு பேர் என்றால் மனைவியும் அம்மாவும்.

மனைவி கட்சி: "தூக்கித் தூக்கி இடுப்பு போச்சு. வண்டி வேணும்."

அம்மா கட்சி: "நாலு புள்ளைங்கள இடுப்புலயே வளர்த்தேன். தலையில மீன் கூடை, இடுப்புல நீ! இடுப்பு இருக்கறப்ப வண்டி எதுக்குடா?"

இந்த வழக்கில் தீர்ப்பு சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம்.

முதலில் மீன்பிடித் துறைமுகம். ஏலம் முடிந்து, ஐஸ் கட்டிகள் உருகி, தரையெல்லாம் ஒரே சொதசொத. வலை, கயிறு, பிளாஸ்டிக் கூடை. இந்தக் களேபரத்துக்கு நடுவே சர் சர்ரென்று போய் வருகிறது பாருங்கள் ஒரு வாகனம், மீன்பாடி வண்டி! முன்னால் ரெண்டு சக்கரம், அதன் மேல் மீன் பெட்டி. பின்னால் ஒரு சக்கரம், அதன் மேல் ஓனர். வடசென்னையின் தேசிய வாகனம். மோட்டார் மாட்டி ஓட்டுவது சட்டப்படி சரியா என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.

வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னோம். சிரித்தார். பிறகு சீரியஸாகவே சொன்னார்.

"லோடு கீயே இருக்கணும் சார், நடுவுல இருக்கணும். ஒரு பக்கம் சாஞ்சா குடை சாஞ்சிடும். கொயந்த வண்டின்னா மட்டும் வேற கணக்கா?"

வேறு கணக்கே இல்லை. குழந்தை வண்டி கவிழ்வதற்கு முக்கியக் காரணம் என்ன தெரியுமா? கைப்பிடியில் மாட்டும் பை! காய்கறிப் பை, டயப்பர் பை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் அதில் தொங்கவிடுவோம். குழந்தையை இறக்கினதும் முன்பாரம் போய்விடும். வண்டி மல்லாக்கப் படுத்துவிடும். குழந்தை உட்கார்ந்திருக்கும்போதே கவிழ்ந்தால் இன்னும் ஆபத்து. பாரம் வைக்க சீட்டுக்கு அடியில் கூடை இருக்கிற வண்டியாகப் பார்க்க வேண்டும்.

"பிரேக்கு?" என்றார் நண்பர்.

"பிரேக்கும் போடுவோம், கல்லும் வெப்போம்" என்றார் அண்ணன்.

கடையில் வண்டி பார்க்கும்போது கல் வேண்டாம். ஆனால் பிரேக்கைப் போட்டுவிட்டு ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருண்டால் அந்த வண்டிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

மூன்று சக்கரச் சமாசாரம் நமக்குப் புதுசு இல்லை. பத்துப்பாட்டில் பட்டினப்பாலை என்று ஒன்று இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. ஊர் காவிரிப்பூம்பட்டினம், அதுவும் துறைமுகம், அங்கேயும் பரதவர்கள். அந்த ஊர் முற்றத்தில் குழந்தைகள் குதிரை பூட்டாத மூன்று கால் சிறுதேரை உருட்டிக்கொண்டு வருகிறார்கள். வழியில் ஒரு தடை. என்ன தடை? காயவைத்த தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்ட, பெண்கள் கழற்றி எறிந்த கனமான காதணி!

அந்தக் காலத்தில் தேரை மறித்தது தங்கம். இந்தக் காலத்தில்? ரோட்டுக்கு வந்து பாருங்கள்.

துறைமுகத்தை விட்டு வெளியே வந்தால் எண்ணூர் விரைவுச்சாலை. கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக, ஒரு கல்யாண வீட்டுப் பந்தி வரிசை மாதிரி. இங்கே நின்று ஒரு கணக்குப் போட்டோம். சின்ன வண்டியில் உட்காரும் குழந்தையின் மூக்கு ஏறக்குறைய நம் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. அதாவது லாரிப் புகை வருகிற உயரத்தில். இன்னொன்று. ரோட்டைக் கடக்க நிற்கும்போது நாம் ஓரத்தில் இருப்போம். வண்டியின் மூக்கு ரெண்டு மூன்று அடி முன்னால் இருக்கும். லாரிக்குப் பின்னாலிருந்து வண்டி ஏதும் வருகிறதா என்று நாம் எட்டிப் பார்ப்பதற்குள் குழந்தை ரோட்டில் இருக்கும்!

அதனால் சட்டம் ஒன்று: இந்த மாதிரி ரோட்டில் குழந்தை தோளில், வண்டி மடங்கிக் கையில். ஒரே கையால் மடக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. முடியாத வண்டி முப்பதாயிரம் ரூபாயாக இருந்தாலும் காசிமேட்டுக்கு லாயக்கில்லை.

குடை மாதிரி மடங்கும் வண்டியைக் கண்டுபிடித்தவர் ஓவன் மெக்லாரன் என்ற இங்கிலாந்துக்காரர். விமான இன்ஜினீயர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை பார்த்தவர். மகள் பேரக்குழந்தையோடு வந்தபோது பெரிய பிராம் வண்டியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தாராம். விமானத்தின் காலையே மடக்குகிறோம், இதை மடக்க முடியாதா என்று அலுமினியக் குழாயில் செய்துவிட்டார். 1965ல் காப்புரிமைக்கு மனுப் போட்டார். எடை மூணு கிலோவுக்கும் கம்மி! இன்று கடையில் ரெண்டாயிரம், மூவாயிரத்துக்குத் தொங்கும் மடக்கு வண்டிகளெல்லாம் அதன் பேரன், கொள்ளுப்பேரன்கள்தான்.

மடக்கு வண்டியில் ஒரு கண்டமும் உண்டு. மடங்கும் கீல்! 2009ல் அமெரிக்காவில் அதே மெக்லாரன் கம்பெனியின் வண்டிகள் சுமார் பத்து லட்சம் திரும்பப் பெறப்பட்டன. கீலில் மாட்டிக் குழந்தைகளின் விரல் நுனி துண்டானதாகப் பன்னிரண்டு புகார்கள். அதனால் விரிக்கும்போதும் மடக்கும்போதும் குழந்தை கைக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் முதலில் கீல், அடுத்து பெல்ட், அப்புறம்தான் கலர்.

அடுத்து கடற்கரை. வண்டியில் குழந்தையை வைத்து ஜாலியாகக் காற்று வாங்கலாம் என்றால், மணல் எங்கே? வெறும் பாறாங்கல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கடலுக்குள் சுவர் கட்டி சென்னைத் துறைமுகம் வந்தது. தெற்கிலிருந்து வடக்கே போகிற மணலை அந்தச் சுவர் மறித்தது. மெரினா அகலமாயிற்று. ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. அங்கே சுண்டல், இங்கே கல்! ஆனால் இங்கே கிடைக்கிற ஒன்று இலவசம். உப்புக் காற்று. நண்பர் வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தால் அப்பளம் மாதிரி உதிர்கிறது. இரும்புக் குழாய் வண்டி என்றால் பெயின்ட் கீறின இடத்தில் துரு கிளம்பும். அலுமினியம் அப்படித் துருப்பிடிக்காது, எடையும் கம்மி. பட்ஜெட்டுக்குள் இரும்புதான் கிடைத்தது என்றால் வாரம் ஒரு தடவை ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, கீலிலும் சக்கரத்திலும் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டால் போதும். சைக்கிளுக்குச் செய்ததுதானே!

பிறகு நடைபாதை. அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி நடக்கிற வழி 1.8 மீட்டராவது வேண்டும், ஓரக்கல் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. சென்னை மாநகராட்சி 2014லேயே நடப்பவர்களுக்கு முதலிடம் என்று கொள்கை வகுத்தது. குழந்தை வண்டிக்கு வேண்டியது அரை மீட்டர்தான். அந்த அரை மீட்டரில் ஒரு டூ வீலர், ஒரு மின்சாரப் பெட்டி, ஒரு படுத்திருக்கும் நாய். நாயை எழுப்புவது தர்மமில்லை!

மலிவு வண்டியின் சக்கரம் பெரும்பாலும் ஆறு அங்குலம்தான், அதாவது 15 சென்டிமீட்டர். தன் உயரமே உள்ள ஓரக்கல்லில் அது நேராக ஏறாது. கைப்பிடியை அழுத்தி, முன் சக்கரத்தைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். இதைக் கடையிலேயே சோதித்துவிடலாம். பத்து கிலோ அரிசி மூட்டையை வண்டியில் உட்கார வையுங்கள். ஒரு வயசுக் குழந்தையின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான். பெல்ட் போடுங்கள். கடைப் படியில் ஏற்றி இறக்குங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும், பணம் யாருடையது?

சாயங்காலம் நண்பர் வீட்டு மூன்றாவது மாடியில் டீயோடு மாநாடு. கணக்கைச் சொன்னோம்.

ஒன்று: ஆறு மாசம் வரை நிமிர்த்தி உட்கார வைக்கும் மலிவு வண்டி வேண்டவே வேண்டாம். கழுத்து நிற்காது, முதுகு தாங்காது. 6, 10, 14வது வாரத் தடுப்பூசிக்கு மடியும் தோளும்தான் வாகனம். நண்பரின் பையனுக்கு எட்டு மாசம், தானே உட்காருகிறான். பாஸ்! மூணு வயசுக்கு மேல் எந்தப் பிள்ளையும் வண்டியில் உட்காராது, ஓடும். ஆக, உபயோகம் ரெண்டு வருஷம். மூவாயிரம் ரூபாயை 730 நாளால் வகுத்தால் தினம் நாலு ரூபாய். டீ விலை கூட இல்லை.

ரெண்டு: மாடிப்படி. பையன் பத்து கிலோ ஆகும்போது ஐந்து கிலோ வண்டி என்றால் மொத்தம் பதினைந்து. பன்னிரண்டு கிலோ ஆடம்பர வண்டி என்றால் இருபத்திரண்டு. மூணு மாடி!

மூன்று: ரெண்டு தோள், இடுப்பு, கால் நடு என்று ஐந்து இடத்தில் பிடிக்கும் பெல்ட். இது இல்லாமல் பேரமே பேசக் கூடாது.

நான்கு: வெயிலுக்கு வண்டியின் கூரையே போதும். மேலே புடவை போட்டு மூடினால் உள்ளே காற்று புகாமல் சூடேறிவிடும்.

"வாக்கர் வாங்கினா இதுவும் அதுவும் ஒண்ணாச்சே?" என்றார் அம்மா.

இல்லை. குழந்தையை நடுவில் உட்கார வைத்து உருளும் வாக்கர் வேறு விஷயம். படியில் உருண்டு விழும் ஆபத்துக்காகக் கனடா 2004லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நம்ம ஊர் மர நடைவண்டி அப்படி இல்லை. குழந்தை பின்னால் நின்று, தானே தள்ளும். அது அடுத்த வருஷத்துக்கு.

எல்லாம் சரி, இவ்வளவு இடைஞ்சலில் எங்கேதான் தள்ளுவது? இடம் இருக்கிறது. தெருவுக்குள், சாயங்காலம், லாரி வராத சந்தில். அப்புறம் மெட்ரோ. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் ரயில் வந்ததிலிருந்து வடசென்னைக்கு லிஃப்டும் வழவழத் தரையும் வந்துவிட்டன. எஸ்கலேட்டரில் மட்டும் வண்டியை ஏற்றாதீர்கள்.

இப்போது மிச்சம் ஒரு சந்தேகம்தான். கைப்பிடி உயரம். மலிவு வண்டிகளில் அது தாழ்வாக இருக்கும். நண்பர் ஐந்தடி எட்டு அங்குலம். "அவளுக்குச் சரியா இருந்தா போதாதா? நான் எங்க தள்ளப் போறேன்?" என்றார்.

அவர் மனைவி டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அப்ப வண்டியே வேணாம். இடுப்புல இருக்கறத கையில தள்ளணும், அவ்ளோதானே? ரெண்டும் நான்தானே செய்யணும்?"

அறையில் நிசப்தம். வழக்கின் மர்மம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. வண்டி குழந்தைக்கு இல்லை சார். பாரத்தைக் கைமாற்றுவதற்கு. அம்மா இடுப்பிலிருந்து அம்மா கைக்கே மாறுவதென்றால் மூவாயிரம் தண்டம்!

ஆச்சரியம் என்னவென்றால், மாமியார் கட்சி மாறினார். "உங்கப்பன் கடலுக்குப் போனான், நான் தூக்கினேன். நீ ஆபீசுக்குத்தானே போற? சாயங்காலம் தள்ளு!"

அடுத்த சனிக்கிழமை பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் வண்டி வாங்கினோம். அளந்தது நண்பர் உயரத்துக்கு. விலை மூவாயிரத்துக்கு நூறு ரூபாய் கம்மி, எடை ஐந்தரை கிலோ. மறுநாள் சாயங்காலம் தெருவில் வெள்ளோட்டம். அப்பா தள்ள, பையன் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். திண்ணையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா நைனா, மீன்பாடி வண்டி சின்னதாப்பூடுச்சா?"

தெருவே சிரித்தது. நண்பரும் சிரித்துக்கொண்டே தள்ளினார். முன்னால் நிறுத்தியிருந்த பைக்கை ஒருவர் தானாகவே நகர்த்தினார். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். இந்தச் சிறுதேரைத் தள்ள ஓர் அப்பா போதும். வழி விடுவதற்குத்தான் ஊர் கூட வேண்டும்!