ஏசாவின் அழுகை

ஞாயிறு பள்ளி நாட்களில் நாம் யாக்கோபின் பக்கமே நின்றோம். வயது ஏறியபின், ஆதியாகமத்தின் 27ஆம் அதிகாரத்தை எளிதில் கடக்க முடிவதில்லை. தந்தையின் ஆசீர்வாதத்தைத் தம்பி கவர்ந்துகொண்டான் என்றறிந்து ஏசா கதறியழும் இடம் அது.

இரட்டையர் கருவிலிருக்கும்போதே இளையவனுக்கே முதன்மை என்று ரெபெக்காளுக்கு அறிவிக்கப்பட்டுவிட்டது. தெரிவு நற்செயலுக்குக் கிடைக்கும் கூலியன்று என்பதற்கு, ரோமர் நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தில் பவுல் இதையே சான்றாக்குகிறார். யாக்கோபின் வாழ்வும் அதைத்தான் மெய்ப்பிக்கிறது. பார்வை மங்கிய தகப்பனை வஞ்சித்தவன் அவன். ஆயினும் ஆபிரகாமுக்கு அளிக்கப்பட்ட வாக்கு அவனைக் கைவிடவில்லை.

அவ்வாறெனில், தெரிந்துகொள்ளப்படாதவன் கதி என்ன? உபாகமத்தின் 2ஆம் அதிகாரத்தில் ஒரு விடை சத்தமின்றிக் கிடக்கிறது. கானானை நோக்கி நடக்கும் இஸ்ரவேலருக்குக் கட்டளை வருகிறது: சேயீர் மலைநாடு ஏசாவின் மக்களுக்குரியது, அதில் ஓரடி நிலமும் உங்களுக்கில்லை, உணவையும் நீரையும் விலைகொடுத்தே பெறுங்கள். யாக்கோபைத் தெரிந்துகொண்டவரே ஏசாவின் எல்லைக்கும் காவலாக நிற்கிறார்.

அந்தக் கண்ணீருக்கு இது ஈடாகுமா? நம்மால் சொல்ல இயலவில்லை. ஆனால் 33ஆம் அதிகாரத்தில் சகோதரர் மீண்டும் சந்திக்கின்றனர். முதன்மை பெற்ற யாக்கோபு அச்சத்தோடு ஏழுமுறை தரையில் விழுந்து வணங்குகிறான். இழந்தவனாகிய ஏசாவோ ஓடிவந்து தம்பியைக் கட்டிக்கொள்கிறான். இருவரும் அழுகிறார்கள். முன்பு தனியே அழுதவனுக்கு, இம்முறை உடனழ ஒருவன் இருக்கிறான்.